பரிசுக்காக எழுதிய ஓராண்டும் விடைத்தாளில் எழுதிய மூன்று மணி நேரமும்

2024 மார்ச் தொடங்கி 2025 பிப்ரவரி வரை, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 2 முதன்மைத் தேர்வுக்காக, நாளொன்றுக்கு ஒரு விடை என்ற கணக்கில் எழுதி வந்தேன். தனியாக எழுதவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த பதினான்கு பேர் டெலிகிராமில் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போட்டு, அந்த 2,800 ரூபாயை நன்றாக எழுதுகிறவர்களுக்குப் புத்தகமாகவோ மாதிரித் தேர்வுக் கட்டணமாகவோ பிரித்துக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தோம். அந்த ஓராண்டில் நான் கட்டியது 2,400 ரூபாய். பரிசாகத் திரும்பி வந்தது 1,850 ரூபாய். மீதி 550 ரூபாய்க்கு நான் கற்றுக்கொண்டது என்ன என்பதை, இப்போது இதே தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு உதவும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். நான்கு விடைகளில் சரியானதை அடையாளம் கண்டால் போதும். முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாள் அப்படிப்பட்டதன்று. அதற்கும் 300 மதிப்பெண்தான், நேரமும் அதே 3 மணிதான். ஆனால் எல்லாவற்றையும் விரித்து எழுத வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு 36 விநாடி கிடைக்கிறது. பத்து மதிப்பெண் விடைக்கு ஆறு நிமிடம். கேள்வியைப் படிப்பதும் யோசிப்பதும் அந்த ஆறு நிமிடத்துக்குள்தான் அடக்கம். இதைத் தவிரத் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று உண்டு. அதன் மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் நூற்றுக்கு 40 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். பலர் அதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்; நான் விடவில்லை என்பதால் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

குழுவின் முதல் விதி மிகவும் எளிமையானதாக இருந்தது. காலை ஆறு மணிக்கு ஒரு கேள்வி வரும். நள்ளிரவுக்குள் விடையைப் பதிவிட்டால் 2 புள்ளி. அதைப் படித்துப் பிடித்தவர்கள் இடும் ஒவ்வொரு வாக்குக்கும் 1 புள்ளி. மாதக் கடைசியில் புள்ளிகளைக் கூட்டிப் பரிசு. முதல் மாதம் எல்லாரும் எல்லாருடைய விடைகளையும் உண்மையாகவே படித்தோம். இரண்டாம் மாதத்தில், எந்த விடைக்கு வாக்கு விழுகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நீளமான விடைக்கு விழுந்தது. குறளில் தொடங்கிய விடைக்கு விழுந்தது. வண்ணப் பேனாவில் வரைபடம் போட்ட விடைக்கு நிச்சயமாக விழுந்தது. ஆகவே பத்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு ஐம்பது நிமிடம் செலவிட்டு, கோடு இழுத்து, நிறம் தீட்டி எழுதத் தொடங்கினேன். ஏப்ரலில் முதலிடம் எனக்கே கிடைத்தது. 700 ரூபாய்க்குப் புத்தகம் வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது, அதை மறைப்பதில் பயனில்லை. எனக்கு வாக்குப் போடுகிறவருக்கு நான் வாக்குப் போட்டேன். யாரும் வாய்விட்டுப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அன்று அது. மொய் எழுதியவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பி எழுதுவதைப் போல, தானாகவே அமைந்துவிட்டது. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், அரைப் பக்கத்தில் கச்சிதமாக எழுதுவார். அவருக்கு ஒரு வாக்கு, இரண்டு வாக்குக்கு மேல் வந்ததே இல்லை. ஐந்தாம் வாரத்தில் அவர் சொல்லாமல் குழுவை விட்டுப் போய்விட்டார். இன்று அந்த விடைகளை எடுத்துப் பார்க்கும்போது, எங்களில் தேர்வுக்கு ஏற்றபடி எழுதியவர் அப்போது அவர் ஒருவர்தான் என்று தெரிகிறது.

மே மாதத் தொடக்கத்தில் முழு நீள மாதிரித் தேர்வு ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதினேன். மூன்று மணி நேரம் முடிந்தபோது வினாத்தாளில் பாதிதான் முடிந்திருந்தது. எழுதிய பாதி அழகாகவே இருந்தது.

அந்த விடைத்தாளைப் பாலக்கோட்டுப் பக்கம் அரசுப் பணியில் இருக்கும் ஓர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் இதே முதன்மைத் தேர்வை எழுதி வேலைக்குப் போனவர். தருமபுரி மாவட்டத்தில் குடிநீரில் உள்ள ஃபுளூரைடால் ஏற்படும் பாதிப்புக்குக் காரணமும் தீர்வும் எழுதச் சொன்ன கேள்விக்கு, அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த மண் இது என்று தொடங்கி, காரிமங்கலத்தில் என் பாட்டியின் பற்கள் பழுப்பேறியிருந்ததை விவரித்து, ஒன்றரைப் பக்கம் கடந்தபிறகுதான் ஃபுளூரைடு என்ற சொல்லையே எழுதியிருந்தேன். குழுவில் அதே விடைக்கு ஒன்பது வாக்கு விழுந்திருந்தது. அக்கா சிவப்புப் பேனாவால் முதல் ஒன்றரைப் பக்கத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, "தம்பி, உங்க பாட்டி கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா திருத்தறவருக்கு உங்க பாட்டியைத் தெரியாது, அவர் கையில இன்னும் நூறு கட்டு இருக்கும்" என்றார்.

பின்னர் அவர் முன்னிலையிலேயே ஆறு நிமிடத்தில் அதை மீண்டும் எழுதினேன். முதல் இரண்டு வரியில் காரணம்: இப்பகுதியின் அடித்தளம் கடினப் பாறை, பாறையிலுள்ள ஃபுளூரைடு சேர்ந்த கனிமங்கள் நிலத்தடி நீரில் கரைகின்றன, மழை குறைந்து ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பும்போது பாதிப்பு கூடுகிறது. அடுத்து அளவு: இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம். அடுத்து விளைவு: பல்லில் கறை, எலும்பில் விறைப்பு. கடைசியாகத் தீர்வு: ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் குறைப்புத் திட்டம், மழைநீர் சேகரிப்பு, கிணறுகளின் நீரைத் தொடர்ந்து சோதித்தல். பாட்டிக்கு இடமில்லை, நெல்லிக்கனிக்கும் இல்லை. முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டது.

அந்தத் தாளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, விதியை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். இரண்டு வாரம் வாதம் நடந்தது. முதலிடம் பெற்றவனே விதியை மாற்றக் கேட்டதில் சிலருக்குச் சந்தேகமும் இருந்தது. முடிவில் வாக்கை அடியோடு எடுத்துவிட்டோம். பெயருக்குப் பதில் எண் மட்டும். விடையின் தலையில் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும். எழுதியதற்கு 1 புள்ளி, பிறர் விடையைத் திருத்திக் கொடுத்ததற்கு 3 புள்ளி. திருத்துகிறவர் "அருமை" என்று எழுதினால் புள்ளி கிடையாது. விட்டுப்போன கருத்து ஒன்றையும், வெட்டவேண்டிய வாக்கியம் ஒன்றையும் கட்டாயம் சுட்டிக்காட்ட வேண்டும்.

என் முன்னேற்றம் பெரும்பாலும் இந்தத் திருத்தும் வேலையிலிருந்துதான் வந்தது என்பேன். பிறர் எழுதியதில் குற்றம் காண்பது எளிது என்பார்கள். ஆனால் காணும் குற்றத்துக்குச் சான்று காட்ட வேண்டும் என்று வைத்துவிட்டால் அது கடினமான வேலை. எங்கள் இரு மாவட்டங்களும் எப்போது உருவாயின என்பதையே மாற்றி எழுதியவர்கள் இருந்தார்கள். சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2, தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9 என்பதைச் சரிபார்த்து எழுதிக் கொடுத்தபிறகு எனக்கு அது மறக்கவே இல்லை. அதேபோல, கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்பின் காலம் பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டதை, தமிழகத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றாக நாங்கள் எல்லாரும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தோம். 2025 ஜனவரி 23 அன்று, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் சான்று பொ.ஆ.மு. 3345 வரை செல்கிறது என்ற அறிவிப்பு வந்தது. தேர்வுக்கு ஒரு மாதமே இருந்தது. திருத்துகிற வழக்கம் இருந்ததால்தான் அன்று மாலைக்குள் எல்லாருடைய குறிப்பேட்டிலும் அது மாறியது. தனியாகப் படித்திருந்தால் நம் மாவட்டத்துப் பெருமையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பழைய விடையையே எழுதியிருப்பேன்.

கையெழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் பாதிப் பேர் கைப்பேசியில் தட்டச்சு செய்தோ, வாயால் சொல்லியோ விடை போட்டார்கள். பேருந்தில் போகும்போது நானும் அப்படிச் செய்திருக்கிறேன். கட்டைவிரலுக்குக் கிடைத்த பயிற்சி தேர்வறையில் உதவாது. மே மாத மாதிரித் தேர்வில் நாற்பதாவது நிமிடத்திலேயே மணிக்கட்டு வலிக்கத் தொடங்கி, எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. அதன்பிறகு கருப்புப் பந்துமுனைப் பேனாவால் தாளில் எழுதிப் படம் எடுத்துப் போட்டால்தான் புள்ளி என்று ஆக்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து பேர் ஓரிடத்தில் கூடி மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதிப் பழகினோம். வலி குறைய எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. முதல்நிலைத் தேர்வு முடிவு வந்தபிறகு எழுதத் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் இந்த மூன்று மாதத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாள் தவறாமல் எழுதினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மாம்பழப் பருவத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதப் போவது எங்கள் வீட்டு வழக்கம். ஜூனில் பெங்களூரா மாங்காய் லாரிகள் இரவெல்லாம் எடைமேடையில் வரிசை கட்டும். அந்த மாதத்தில் 19 நாள் விட்டுப்போயிற்று. விட்ட நாள்களை ஈடுகட்ட ஒரே நாளில் ஐந்து விடை எழுத முயன்றேன். ஐந்தும் மோசமாக அமைந்தன. ஜூலையில் வேறு வழி செய்தேன்: இரண்டு லாரிக்கு இடையில் எடைச் சீட்டின் பின்பக்கத்தில், கேள்விக்கு முழு விடை எழுதாமல், அதன் முதல் இரண்டு வரியையும் துணைத்தலைப்புகளையும் மட்டும் குறித்து வைப்பது. நான்கு நிமிட வேலை. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சீட்டு முறையைத்தான்.

உள்ளூர்ச் செய்தியை விடையில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதில் எனக்கும் அக்காவுக்கும் கடைசிவரை கருத்து வேறுபாடு இருந்தது. அவர் வேண்டவே வேண்டாம் என்பார். ஒரு வரி இருக்கலாம் என்பது என் எண்ணம், அது சான்றாக நிற்குமானால். உணவுப் பாதுகாப்பு பற்றிய விடையில், நியாய விலைக் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் தொடங்கப்பட்டதை எழுதினால் அது பாடத்தோடு ஒட்டுகிறது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை அதே ஆண்டு ஜூலையில் முதலமைச்சர் தொப்பூரில் தொடங்கி வைத்தார் என்பதும் அப்படியே. களி கிண்டும் முறையையும் சேர்த்து எழுதினால் அது பாட்டி கதையாகிவிடும்.

2025 பிப்ரவரியில் தேர்வறையில், எழுத வேண்டிய கேள்விகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை முடித்தேன். அந்த ஒன்றுக்கும் நான்கு நிமிடம் மீதமிருந்தது. எடைச் சீட்டில் எழுதிய பழக்கத்தில் முதல் இரண்டு வரியும் துணைத்தலைப்புகளும் மட்டும் போட்டுவிட்டு வந்தேன். நான் விரும்பிய பணி அந்த முறை கிடைக்கவில்லை. குழுவில் இருந்த பதினான்கு பேரில் இருவருக்குக் கிடைத்தது. இருவருமே மாதப் பரிசில் ஒருமுறைகூட முதலிடம் பெறாதவர்கள், ஆனால் திருத்திக் கொடுத்த கணக்கில் முதல் மூவருக்குள் இருந்தவர்கள்.

இப்போது குழுவில் ஒன்பது பேர் இருக்கிறோம்; மாதம் 100 ரூபாய்தான். ஊத்தங்கரைப் பெண்ணைத் தேடிப் பிடித்துத் திரும்பச் சேர்த்திருக்கிறோம். இந்த மாதம் கேள்வி போடுகிற முறை அவருடையது. புதிதாக இப்படி ஒரு குழு தொடங்க விரும்புகிறவர்கள் பதினான்கு பேரைச் சேர்க்க வேண்டியதில்லை. மூன்று பேர் இருந்தாலே ஒருவர் எழுத, ஒருவர் திருத்த, திருத்தியது சரியா என்று ஒருவர் பார்க்க முடியும். பணம் போடுவதானால் அதை முதல் நாளிலிருந்தே திருத்துகிறவருக்கு ஒதுக்கி வையுங்கள்.