38 களஞ்சியங்களும் நான்கு லேபிள்களும்

எங்கள் அலுவலகத்தின் நிரல்கள், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் சப்வெர்ஷன் என்ற மென்பொருளில் 38 களஞ்சியங்களாக இருந்தன. அவற்றை, அதே வேலையைச் செய்யும் கிட் என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட கிட்ஹப் தளத்துக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. களஞ்சியத்துக்கு ஒன்றாக இஷ்யூக்களை, அதாவது பணிக் குறிப்புகளை, அங்கே திறந்தேன். அவற்றில் ஒட்ட கிட்ஹப் தானாகத் தரும் லேபிள்களை அழித்துவிட்டு, ஆசை ஆசையாக இருபது லேபிள்கள் உண்டாக்கினேன். அவசரம், மிக அவசரம், மித அவசரம் என்று வகைக்கொரு நிறம். ஒரே வாரத்தில் எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது எனக்கே மறந்துவிட்டது.

அத்தனையையும் நீக்கிவிட்டு, ஒரு களஞ்சியம் எதனால் தேங்கி நிற்கிறது என்பதை மட்டும் லேபிளாக்கினேன்.

முதலாவது 'ஆள் தெரியவில்லை'. சப்வெர்ஷனில் வெறும் பயனர்பெயர்தான் பதிவாகும். கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். இரண்டையும் இணைக்கும் பட்டியலில் ஒருவர் விடுபட்டாலும் மாற்றம் பாதியில் நின்றுவிடும். 'கேஆர்2' யாரென்று அறிய, கணக்குப் பிரிவின் பழைய சம்பளப் பட்டியல் வரை போனேன். பொய் மின்னஞ்சல் ஒன்றைப் போட்டுத் தாண்டியிருக்கலாம்தான். ஆனால் வரிக் கணக்கீட்டு நிரலில் பாதி அவர் எழுதியது. நாளை யாரைக் கேட்பது?

அடுத்தது 'கனம்'. 100 எம்பியைத் தாண்டிய கோப்பை கிட்ஹப் ஏற்காது. 2011இல் யாரோ தவறுதலாகச் சேர்த்து மறுநாளே நீக்கிய தரவுத்தளப் பிரதி, வரலாற்றில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை அகற்றினால் பிந்தைய கமிட்களின், அதாவது பதிவான மாற்றங்களின், அடையாளங்கள் எல்லாம் மாறிவிடும். எனவே எவரும் குளோன், அதாவது தங்கள் கணினிக்கு முழுப் பிரதி, எடுக்குமுன் முடித்தாக வேண்டும். இதற்கு மட்டும் சிவப்பு.

'மாற்றியாயிற்று' என்ற மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. அதை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்த ஒரு களஞ்சியத்தின் பழைய சர்வரில், மேலும் நான்கு கமிட்கள் விழுந்திருந்தன. செய்தவரைக் குறை சொல்ல முடியாது. சப்வெர்ஷன் வாங்கிக்கொண்டது, அவரும் போட்டார். அந்த நான்கையும் கையால் எடுத்து ஒட்ட ஒரு மாலை போயிற்று.

அன்றிரவே 'பூட்டு' பிறந்தது. பழைய களஞ்சியத்தில் ப்ரீ-கமிட் ஹூக், அதாவது கமிட் பதிவாகுமுன் ஓடும் சிறு நிரல், வைத்து, எழுத வருபவரைப் புது முகவரி சொல்லித் திருப்பி அனுப்பிய பிறகே அதை ஒட்டலாம். தேடலில் ஒரு லேபிளுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால், அது இல்லாத இஷ்யூக்கள் மட்டும் வரும். 'மாற்றியாயிற்று' இருந்து 'பூட்டு' இல்லாதவற்றைத் தேடினேன். பதினொன்று வந்தன. பதினொன்றும் முடிந்துவிட்டதாக நான் மேலாளரிடம் சொல்லியிருந்தவை.