சாமர்செட் மாம் கேட்ட கதைகளும் கேட்காத கதைகளும்

ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாமின் மலாயாக் கதைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. தூர தேசம் போய்வந்து எழுதியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் போன இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் என்ன சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தே கதை பிடித்தவர் இவர். இத்தனைக்கும் மனிதருக்குத் திக்குவாய். முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுப்பதெல்லாம் கூடவே பயணம் செய்த ஜெரால்ட் ஹாக்ஸ்டனின் வேலை. அவர் வெள்ளைக்காரர்கள் கூடும் கிளப்பில் ஆட்களைப் பேசவைப்பார், கேட்டு வந்ததை மாம் கதையாக்குவார்.

1916 கடைசியில், பசிபிக் கடலில் சமோவாத் தீவுகளிலுள்ள பாகோ பாகோ துறைமுகத்துக்குப் போன கப்பலில் மிஸ் தாம்ப்ஸன் என்று ஒரு பெண், ஒரு பாதிரியார் தம்பதி. ஓயாத மழையில் எல்லோரும் அங்கே மாட்டிக்கொண்டார்கள். மாம் குறிப்பேட்டில் சில வரிகள் எழுதிவைத்தார், அதுதான் 1921இல் 'ரெயின்' கதையாக வந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட மாற்றவில்லை! எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

'தி லெட்டர்' கதையின் வேர் கோலாலம்பூரில். 1911இல் விக்டோரியா பள்ளியில் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தவரின் மனைவி எத்தல் பிரௌட்லாக், வீட்டு வராந்தாவில் வில்லியம் ஸ்டூவர்ட் என்பவரைச் சுட்டுக் கொன்றார். தூக்குத் தண்டனை விதித்தார்கள், சிலாங்கூர் சுல்தான் மன்னித்து விடுவித்தார். பத்து வருஷம் கழித்து மலாயா வந்த மாம் இதைக் கேள்விப்பட்டு, பள்ளி வீட்டை ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவாக்கி, நடுவில் ஒரு கடிதத்தை முடிச்சாகப் போட்டார். 1926இல் 'தி கேசுவரினா ட்ரீ' தொகுப்பில் அது வந்தபோது மலாயா வெள்ளைக்காரர்களுக்குக் கடுங்கோபம். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டால் நம் கதையையே ஊருக்குச் சொல்கிறாரே என்று.

அந்தத் தொகுப்பில் எனக்கு உயிர் 'தி அவுட்ஸ்டேஷன்'தான். போர்னியோவில் ஆற்றங்கரை ஓரமாக வார்பர்ட்டன் என்று ஒரு அதிகாரி. லண்டன் பேப்பர் ஆறு வாரம் பிந்தி, கட்டாக வந்து சேரும். அவர் தேதி வரிசைப்படி தினம் ஒன்றாகத்தான் பிரிப்பார். போர்க் காலத்தில், ஒரு தாக்குதல் தொடங்கியது என்று படித்துவிட்டு, முடிவு என்ன ஆனது என்பது அலமாரியில் அடுத்த பேப்பரிலேயே இருக்கும்போது, அதைத் தொடாமல் தவித்துக்கொண்டு மறுநாள் வரை காத்திருப்பார். அப்படிப்பட்டவர் ஊரில் இல்லாத நேரம், புதிதாக வந்த உதவியாளர் கூப்பர் அத்தனை பேப்பரையும் பிரித்துக் கசக்கிப் போட்டுவிடுகிறார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் வளர்கிற வெறுப்பை மாம் கொஞ்சம்கூட அவசரப்படாமல், சாப்பாட்டு மேசை, சட்டை, சீட்டாட்டம் என்று சின்னச் சின்ன விஷயங்களிலேயே ஏற்றிக்கொண்டு போகிற விதம் இருக்கிறதே, எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தன் வேலைக்காரன் அபாஸைக் கூப்பர் நடத்துகிற விதமும், முடிவும் நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

சரி, மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் ரப்பர் தோட்டப்புறத்திலிருந்து வந்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்று, நெற்றி விளக்கோடு மரம் சீவி, பால் வாளி தூக்கிய பாட்டிகளின் வம்சம். 'தி லெட்டர்' தொடக்கத்தில் சிங்கப்பூர் துறைமுகத்துக் கூட்டத்தை மாம் நிறம் பிரித்து எண்ணுகிறார், கறுத்த தமிழர், பழுப்பு மலாய்க்காரர் என்று. அந்த ஒரு வரியோடு நாங்கள் முடிந்தோம். 'ஃபுட்பிரின்ட்ஸ் இன் தி ஜங்கிள்' கதையில் துரை ஒருவர் கூலிச் சம்பளப் பணத்தோடு காட்டுவழியில் வரும்போது சுடப்படுகிறார். அந்தக் கூலியை வாங்கவேண்டியவர்களின் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று கதைக்குக் கவலையில்லை. இவ்வளவு கூர்மையான காது, கிளப் வாசலைத் தாண்டவே இல்லை.

எத்தல் சுட்டுக் கொன்ற ஸ்டூவர்ட் அந்த இரவு ரிக்‌ஷாவில்தான் வந்தார். ரிக்‌ஷாக்காரரை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வெடிச்சத்தத்தை வெளியிலிருந்து கேட்ட அந்த மனிதர் பார்த்த கதையை யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன். அதுவரை மாமைப் படிப்பதையும் விடப்போவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் 'ரெயின்' பக்கம் போகாமல் நேராக வார்பர்ட்டனிடம் போங்கள்.