போசர் கோஷர்: கண்ணாடி எழுத்து மூன்றாவது தாளில் உட்கார்ந்தது

நான் செய்யும் சிற்றளவு மாதிரிக் காட்சியின் கடைக் கண்ணாடியில், பேத் என்ற எபிரேய எழுத்தின் குதிகால் (அடிக்கோட்டின் நீட்டல்) ஒருவழியாகக் கண்ணுக்குத் தெரிகிறது!

காட்சி: 1902 மே 15, வியாழன், நியூயார்க் லோயர் ஈஸ்ட் சைட். கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்ட) மாட்டிறைச்சி பவுண்டுக்கு 12 சென்ட்டிலிருந்து 18 ஆனதும், யூதக் குடியேறிப் பெண்கள் கடை கடையாகப் புகுந்து கறியைத் தெருவில் வீசிய நாள். செங்கல் சுவர், கல் பாவிய தெரு, தள்ளுவண்டி எல்லாம் வழக்கமான வேலை. உயிரை வாங்கியது கடைக் கண்ணாடிதான்.

அதில் எபிரேய எழுத்தில் 'போசர் கோஷர்', அதாவது கோஷர் இறைச்சி. மொத்தம் ஆறு எழுத்து. இரண்டு சொல்லிலும் கடைசி இரண்டு எழுத்து ஒன்றே. முதலெழுத்து ஒன்றில் பேத், மற்றதில் காஃப். பேத்தின் அடிக்கோடு வலப்பக்கம் துளி நீளும், காஃப் வளைந்துவிடும். 1:87 அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு) எழுத்து உயரம் 3 மி.மீ., அந்த நீட்டல் 0.3தான். இங்க்ஜெட் மை பரவியதும் கடை 'கோஷர் கோஷர்' ஆகிவிட்டது.

1:35க்கு மாறி, 7 மி.மீ. எழுத்து, லேசர் அச்சு. இப்போது திசை சொதப்பியது: எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும், மென்பொருளோ எழுத்துகளை இடமிருந்து வலமாக அடுக்கியது. எழுத்துருவை வடிவக் கோடாக மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலம்) கண்ணாடியின் உட்புறம் ஒட்டுவதால் கண்ணாடி பிம்பமாகவும் அச்சடிக்க வேண்டும். (இங்க்ஜெட் டெக்கால் தாளை லேசரில் விடாதீர்கள், சூட்டில் படலம் சுருண்டு ரோலரில் ஒட்டும். பாக்கெட்டில் எது என்றே போடாமல் விற்கிறார்கள், பாவிகள்.)

காட்சியில் கடைக் கண்ணாடி உடைந்திருக்க வேண்டும். அதற்கு ஓஎச்பி தாள் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வேண்டாம், அது மடங்குமே தவிர உடையாது. ஆய்வகச் சாமான் கடையில் கிடைக்கும் 22×50 மி.மீ. நுண்ணோக்கி கவர் ஸ்லிப்பே (மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடித் தகடு) சரி. 0.15 மி.மீ. தடிமன் என்றால் அசலில் 5 மி.மீ. கண்ணாடி. ஆனால் டெக்கால் ஒட்டியபின் உடைத்தால் சில்லுகள் படலத்தில் தொங்கும். விரிசல் போகவேண்டிய வழியில் படலத்தைப் புது பிளேடால் முதலில் கீறிவிட்டு, பிறகு ஊசி முனையால் ஒரு தட்டு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கறித்துண்டுகள் இன்னும் எபாக்சி பட்டி (பிசைந்து உருவம் செய்யும், பிறகு இறுகும் களிமம்) உருண்டைகளாகவே கிடக்கின்றன. அதற்குள் அடுத்தது: 1907 கடைசியில் ஆடைத் தொழிலாளி பாலின் நியூமன் முன்னின்ற வாடகைப் போராட்டம். ஐந்து மாடி முகப்பு, மாடிக்கு மாடி இரும்பு ஃபயர் எஸ்கேப் (தீப்பிடித்தால் இறங்கும் வெளிப்படி). 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி வாங்கியாயிற்று. சால்டரா, சூப்பர் க்ளூவா என்பதுதான் முடிவாகவில்லை.