பல்லைக் காட்டப் போன கதை

நேற்று சாயங்காலத்திலிருந்து இந்த வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. எல்லாம் பெங்களூரா மாங்காயால் வந்தது.

மாங்காய்க் காலத்தில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா? உப்பு, மிளகாய்த்தூள், ஒரு கத்தி, வாசற்படி. மூன்று நாளில் ஏழு காய். நாலாம் நாள் காலையில் ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஒரு மடக்கு குடித்தேன், கீழ்வரிசை இடது பக்கம் சுரீரென்று ஒன்று கிளம்பி, தொப்பூர் கணவாயில் பிரேக் போன லாரி மாதிரி தாடை, காது, உச்சந்தலை என்று எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு போனது. நான் போட்ட சத்தத்தில் மீசை மாமா மாடியிலிருந்து பனியனோடு இறங்கி வந்துவிட்டார்.

அப்புறமென்ன, வைத்தியம்தான். அம்மா கிராம்பை நசுக்கி வைத்தாள். மீசை மாமா, இது பல்புழு, கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை காட்டினால் பொலபொலவென்று கொட்டிவிடும் என்றார். பல்லில் புழுவே கிடையாது மாமா என்றால், அவர் கண்ணாலேயே பார்த்தாராம். எதிர்வீட்டு அக்கா தனக்கு ரூட் கெனால் பண்ணிய செலவை வாசலில் நின்று பைசா சுத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா மட்டும் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "வெறும் கூச்சமா இருக்கும். எனக்குந்தான் ஒரு மாசமா இருக்கு, நான் கத்துறேனா?" என்றார். அவருக்கு எல்லாமே வெறும்தான். கால் முறிந்தபோதே சுளுக்கு என்றவர்.

வண்டி ஓட்டத்தான் அவரைக் கூட்டிப்போனேன். பல் டாக்டர் சின்னப் பெண். தானாக வலிக்கிறதா, ஏதாவது பட்டால் மட்டுமா என்று கேட்டது. பட்டால். பட்ட பிறகு எவ்வளவு நேரம்? "ரொம்ப நேரங்க." ஒரு குழாயை வைத்துப் பல்லில் காற்று அடித்துவிட்டு, தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தது. நாலு விநாடி. ராத்திரி தூக்கம்? ஏழரைக்கு அம்மா உலுக்கித்தான் எழுப்பினாள் என்பதை அப்பா தாமாக முன்வந்து சொன்னார்.

"இது கூச்சங்க. புளிப்பு தின்னுட்டு உடனே அழுத்தித் தேய்ச்சா மேல் பூச்சு கரைஞ்சு, உள்ள இருக்கற பொடித் துளை வழியா ஜில்லுன்னு நரம்புக்குப் போகும். பட்டா சுரீர்னும், எடுத்தா போயிடும். மிருதுவான பிரஷ், கூச்சத்துக்குன்னு இருக்கற பேஸ்ட், சில வாரம் ஆகும். வலின்னா வேற. சும்மா இருக்கும்போதே விண்விண்ணுன்னு தெறிக்கும், படுத்தா கூடும், சூடா காபி குடிச்சா அப்புறமும் ரொம்ப நேரம் அடங்காது."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தார்.

ஒரு மாதமாக ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், புழுக்கம் என்று நினைத்தோம். காபியைப் பச்சைத்தண்ணீர் ஆகும்வரை ஆற்றுகிறார். மூன்று வேளையும் களி கேட்கிறார். தன் கைப்பக்குவம் அப்படி என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். களியை மெல்ல வேண்டாமே, உருட்டி விழுங்கினால் போதும்!

"அப்பா, நீங்க வாயத் திறங்க."

மாட்டேன் என்றார். கல்யாணப் போட்டோவிலேயே வாயை மூடிச் சிரித்தவர். பென்னாகரம் பக்கத்து ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த பல், பழுப்புக் கோடு கோடாக இருக்கும். அதற்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-இல்தான் வந்தது. அப்பாவுக்குப் பல் முளைத்தது அதற்கு நாற்பத்தைந்து வருஷம் முந்தி. அதிலிருந்து சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

அந்தப் பெண், "எங்க தாத்தாவுக்கும் இதே பல்லுதாங்க ஐயா" என்றது. கையை எடுத்தார். வலது கடைவாய்ப் பல்லில் உளுந்து போகிற அளவுக்கு ஓட்டை. "கூச்சந்தாம்மா" என்றார், அப்போதும்.

ரூட் கெனால். இன்னும் இரண்டு தடவை போக வேண்டும். இப்போது வீட்டில் அவருக்கு ரவைக் கஞ்சி, சாய்வு நாற்காலி, விசாரிக்க வரும் கூட்டம். எனக்கு ஒரு பேஸ்ட். மாங்காய்க் கூடையை எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள், என்னிடம் கேட்கவேயில்லை.

ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். திண்ணை காலி. உள்ளே அப்பாவின் குறட்டை. பானைத் தண்ணீர்தான் குடித்தேன், அதுவும் வலது பக்கமாக.