மாமாவின் குடலும் ஜி9 வாழையும்

போன ஞாயிறு கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் குடல் முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, கோயமுத்தூர் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் சிறுகுடலில் பெரும்பகுதி கருத்துப்போய்விட்டது. வெட்டியது போக மிச்சம் ஒரு மீட்டர் இருந்தால் அதிகம். ஒரு போசி அரிசிம்பருப்பு சாதத்தைத் தனியாளாகக் காலி செய்த மனுஷர். இப்போது நாளைக்கு ஏழு தடவை கையளவு சாப்பாடு, நடுவில் ஓ.ஆர்.எஸ்., மாசம் ஒரு பி12 ஊசி. அந்த வைட்டமினை உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதுதான் போய்விட்டதே.

வரப்போரம் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தவர் கேட்டார்: "ஏனம்மிணி, நீ அந்தத் திசு வளர்ப்பு லேபுல இருந்தவதானே, ஜி9 கன்னு மாதிரி குடலையும் பாட்டல்ல வளத்தி எடுக்க முடியாதா?"

"அதைத்தானுங்க மாமா பண்ணிட்டிருக்காங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

வாழையில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். கிழங்கிலிருந்து நுனிக் குருத்தை மட்டும் செதுக்கி, உப்பும் சர்க்கரையும் ஹார்மோனும் கலந்த அகர் கூழில் வைத்தால் ஒன்று பலவாகப் பிரியும். பூஞ்சை விழுந்தால் பாட்டிலோடு போச்சு (ஒரு மழைக்காலத்தில் முழு ரேக்கையும் கொட்டினோம், இன்னும் வயிறு எரிகிறது). குடலிலும் அப்படி ஒரு குருத்து இருக்கிறது. உள்சுவரில் விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகளுக்கு இடையே சின்னச் சின்னக் குழிகள், அந்தக் குழிகளின் அடியில் ஸ்டெம் செல்கள். நான்கைந்து நாளைக்கொரு முறை குடலின் உள்பூச்சு முழுக்கப் புதிதாவது இவற்றால்தான். 2009-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் தொஷிரோ சாட்டோவும் ஹான்ஸ் கிளெவர்ஸும் எலியின் அந்த ஒற்றைச் செல்லை எடுத்து, ஒரு ஜெல்லில் மூன்று வளர்ச்சிப் புரதங்களோடு வைத்தார்கள். அது தானாகவே குழியும் உறிஞ்சியும் கொண்ட குட்டிக் குடல் உருண்டையாக வளர்ந்தது. ஆர்கனாய்டு என்பார்கள். இரண்டே வருஷத்தில் மனிதக் குடலிலும் செய்துவிட்டார்கள். அந்த ஜெல் எலிக் கட்டியிலிருந்து எடுப்பது என்று சொன்னதும் அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சிக்கல் என்னவென்றால், வாழைக் குருத்து இலை, தண்டு, வேர் எல்லாவற்றையும் தானே போட்டுக்கொள்ளும். இந்தக் குடல் குருத்து உள்பூச்சை மட்டும்தான் போடும். பிழிந்து தள்ளத் தசை வேண்டும், தசைக்குச் சொல்ல நரம்பு வேண்டும், ரத்தக் குழாய் வேண்டும். அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஜேம்ஸ் வெல்ஸும் ஜேசன் ஸ்பென்ஸும் வேறு வழியில் போனார்கள். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்லை எடுத்து, கருவுக்குள் குடல் உருவாகும் அதே படிகளில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். அதில் கொஞ்சம் தசையும் சேர்ந்து வந்தது, ஆனாலும் பிறக்காத பிள்ளையின் குடல் மாதிரி முதிராமலேதான் இருந்தது. 2014-ல் அதை எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்ததும் எலியின் ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைந்து, உருண்டை மளமளவென்று முதிர்ந்தது.

"அட, ஷேட் நெட்டுல வெச்சு ஹார்டனிங் பண்றாப்புல" என்றார் மாமா. அதேதான், பாட்டிலில் வளர்ந்த கன்றை வயலில் நடும் முன் நிழல் வலைக்குள் வைத்துப் பழக்குகிற மாதிரி. 2017-ல் வெளியான ஆய்வில் நரம்புச் செல்களையும் கலந்து, திசு சுருங்கி விரிவதைக் காட்டினார்கள்.

சரி, மீட்டர் கணக்கில் குடல் எப்போது வரும்? இப்போதைக்கு எல்லாமே மில்லிமீட்டர் சமாச்சாரம். "ஆய்வகத்தில் குடல் தயார்" என்று தலைப்பைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் இந்த உருண்டைகள் உண்மையாகவே உதவுகிற இடம் வேறு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (உடம்பின் சளி கெட்டியாகிப்போகும் பரம்பரை நோய்) நோயாளியின் மலக்குடலிலிருந்து துளி திசு எடுத்து உருண்டைகள் வளர்த்து, மருந்தைச் சேர்த்துத் தூண்டிவிடுவார்கள். மருந்து வேலை செய்தால் உருண்டை தண்ணீர் இழுத்து ஊதும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். மருந்தை நோயாளி விழுங்கும் முன்பே அவர் குடலிடம் கேட்டுவிடலாம். வாந்திபேதி கிளப்பும் நோரோ வைரஸைப் பல பத்தாண்டுகளாக யாராலும் சரியாக வளர்க்க முடியாமல், 2016-ல் ஹூஸ்டனில் மேரி எஸ்டெஸ் குழு வளர்த்ததும் இப்படிப்பட்ட மனிதக் குடல் திசுவில்தான்.

மனித உடம்புக்குள்ளும் போயிருக்கிறது. 2022-ல் டோக்கியோவில், பெருங்குடல் புண் நோய் உள்ள ஒருவரின் சொந்தச் செல்லையே உருண்டையாக்கிப் புண்மீது வைத்தார்கள். அங்கே தசையும் நரம்பும் ஏற்கெனவே இருக்கின்றன, போனது உள்பூச்சுதான். மாமாவுக்கு உள்பூச்சு மட்டுமா போனது?

அவரே சொல்லிவிட்டார்: "அது தீக்காயத்துக்குத் தோல் ஒட்டற மாதிரி. எனக்குக் குழாயே இல்லையே கண்ணு."

"ஆமாங்க மாமா."

அத்தை ஓ.ஆர்.எஸ். டம்ளரோடு வந்தார். பேச்சு இந்த வருஷத் தார் விலைக்குப் போய்விட்டது.