ரோன்ஷான் தேவாலயத்தின் கூரையை அட்டையில் நிறுத்திய கதை

மூன்று மாதங்களாக ஓய்வு நேரங்களில் ரோன்ஷான் தேவாலயத்தின் மாதிரியை 1:50 அளவில் செய்து வருகிறேன். கிழக்குப் பிரான்சில் ஒரு குன்றின் உச்சியில், 1944-ஆம் ஆண்டுப் போரில் இடிந்த பழைய ஆலயம் நின்ற இடத்திலேயே, கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வடிவமைத்து 1955 ஜூன் 25 அன்று அர்ச்சிக்கப்பட்ட கட்டடம் அது. போருக்குப் பின் ஐரோப்பாவில் எழுந்த எத்தனையோ தேவாலயங்களின் படங்களைப் பார்த்திருந்தாலும், என்னைக் கத்தியும் அட்டையும் எடுக்க வைத்தது இதன் கூரைதான்.

முதல் முயற்சியில் தெற்குச் சுவரைத் தெர்மோகோலில் ஒரே கட்டியாகச் செதுக்கி, அதன்மேல் கூரையைப் பசையிட்டு ஒட்டினேன். அளவுகள் சரியாகவே இருந்தன. ஆனால் கூரை, பாத்திரத்தின் மேல் கவிழ்த்த மூடியைப் போலக் கனத்துக் கிடந்தது. கட்டடத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டும் வெட்டுப்படத்தை மறுபடி பார்த்தபோதுதான் தவறு விளங்கிற்று. தெற்கிலும் கிழக்கிலும் கூரை சுவரைத் தொடுவதே இல்லை. சுவருக்குள் மறைந்து நிற்கும் தூண்கள் அதைத் தாங்க, இடையே 10 சென்டிமீட்டர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. என் அளவில் அது வெறும் 2 மில்லிமீட்டர். அந்த 2 மில்லிமீட்டரை நான் பசையால் அடைத்துவிட்டிருந்தேன்.

எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, சுவரை உண்மையில் கட்டப்பட்ட முறையிலேயே கட்டுவதென்று முடிவு செய்தேன். அடியில் பருத்து மேலே ஒடுங்கும் அந்தத் தெற்குச் சுவர், பார்வைக்குக் கோட்டைச் சுவர் போலத் தோன்றினாலும், உள்ளே கான்கிரீட் சட்டகமும் வெளியே கம்பி வலைமேல் பீய்ச்சிய சிமெண்ட் பூச்சும் கொண்ட கூடுதான். (இடிந்த ஆலயத்தின் கற்கள் மற்றச் சுவர்களில் சேர்ந்தன, அவற்றின் வளைவே அவற்றுக்கு உறுதியைத் தருகிறது.) அட்டையில் முக்கோணச் சட்டங்கள் வெட்டி நிறுத்தி, அவற்றின்மேல் கொசுவலையை இழுத்துக் கட்டி, சுவர்ப் பட்டியைத் தூரிகையால் பூசினேன். கனமாகப் பூசிய முதல் பூச்சு வெடித்துவிட்டது. மெல்லிய நான்கு பூச்சுகளில் சொரசொரப்பான வெள்ளைப் பரப்பு கிடைத்தது.

சாளரங்களுக்கு மட்டும் இரண்டு வாரம் பிடித்தது. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. வெளியே சிறிய துளையாக இருப்பது உள்ளே அகன்று விரிகிறது, சில நேர்மாறாக. ஒவ்வொன்றையும் தனிக் காகிதப் புனலாக மடித்துச் செருகினேன். எல்லாவற்றையும் வண்ணமாக்க எழுந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே வண்ணக் கண்ணாடியோடு, வானமும் மேகமும் தெரியும் தெளிந்த கண்ணாடியும் இருக்கிறது.

கூரைக்கு, நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் கிடைத்த நண்டு ஓடு ஒன்றே தூண்டுதல் என்பது லெ கொர்பூசியே சொன்ன செய்தி. தலா 6 சென்டிமீட்டர் கனமுள்ள இரண்டு கான்கிரீட் தகடுகள், 2.26 மீட்டர் இடைவெளியில், விமான இறக்கையைப் போல நடுவே விட்டங்களோடு அமைந்திருக்கின்றன. எனக்கு அது 1.2 மில்லிமீட்டர் அட்டையும் நாலரை சென்டிமீட்டர் இடைவெளியும் ஆயிற்று. அட்டை ஒரே நேரத்தில் இரு திசைகளில் வளையாது என்பதால், விரற்கடை அகலப் பட்டைகளாக அறுத்து, ஈரப்படுத்தி, சட்டங்களின்மேல் வரிசையாக ஒட்டினேன். இணைப்புக் கோடுகளைத் தேய்த்து அழிக்கவில்லை. உண்மைக் கூரையிலும் சென்ட்ரிங் பலகைகளின் தடம் அப்படியே விடப்பட்டிருக்கிறது. மழைநீர் முழுதும் மேற்கிலுள்ள ஒரே தூம்பை நோக்கி ஓட வேண்டும் என்பதைச் சோதிக்க ஒரு கோலிக்குண்டை உருட்டினேன், வடபுறத்தில் நின்றுவிட்டது. அங்கே ஒரு சட்டம் 3 மில்லிமீட்டர் உயர்ந்திருந்ததைச் சீவிச் சரிசெய்த பிறகு, குண்டு நேராக மேற்கே வந்து விழுந்தது.

சைக்கிள் போக்ஸ் கம்பித் துண்டுகளைத் தூண்களாக நட்டு, சென்ற ஞாயிறு இரவு கூரையை ஏற்றினேன். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தெற்கே பிடித்து, மாதிரியின் உள்ளே கண் வைத்துப் பார்த்தேன். சாளரங்களின் ஒளி திட்டுத்திட்டாக விழுந்தது. அதற்கும் மேலே, சுவரின் விளிம்பு நெடுக, மயிரிழை போன்ற ஒளிக்கோடு ஓடியது. அத்தனை பெரிய கூரை அந்தக் கோட்டின்மேல் மிதந்தது. நெடுநேரம் டார்ச்சை அணைக்க மனம் வரவில்லை.

மூன்று கோபுரங்களும், பலிபீடத்தை நோக்கிச் சரியும் தரையும் பாக்கி இருக்கின்றன. கிழக்குச் சுவரில், உள்ளிருப்போரையும் வெளிப் பலிபீடத்தின் முன் கூடுவோரையும் நோக்கித் திருப்பக்கூடிய மாதா சுரூபத்துக்காகச் சிறு துளையிட்டு, ஒரு குண்டூசியைச் செருகியிருக்கிறேன். ஊசி சுழல்கிறது, இனிச் சுரூபத்தைச் செதுக்க வேண்டும்.