போர்டு போயும் போகாத டிரைவர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் என் மனைவி நடத்தும் தையல் கடைக் கணினிக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. ஐ5-3470 பிராசசர், எச்61 மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் தாய்ப்பலகை), விண்டோஸ் 10. போன மாதம் கெப்பாசிட்டர் உப்பி போர்டு செத்துவிட்டது. பழுது பார்க்கும் கடையில் காட்டினால், "அண்ணே, போர்டு மாத்தினா ஃபார்மெட் பண்ணித்தான் ஆகணும்" என்றார் அங்கிருந்த பையன். டிஸ்க்கை அழித்து விண்டோஸை முதலிலிருந்து போடுவதைத்தான் சொன்னார். வாடிக்கையாளர் அளவுகள், பாக்கிக் கணக்கு எல்லாம் ஒரு பழைய மென்பொருளில் இருக்கின்றன. அதன் சிடி எப்போதோ தொலைந்துவிட்டது. பெட்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில், அதே பிராசசர் பொருந்தும் பழைய பி75 போர்டு ஒன்று கிடைத்தது. பெட்டியின் பின்னால் போர்டின் சாக்கெட்டுகளைச் சுற்றி மாட்டும் தகட்டைக் கேட்க மறந்துபோய், அதற்காகவே மறுபடி மோனோரயில் ஏறி, கடைக்குப் பக்கத்து நிலையமான இம்பி வரை போனேன். பழைய போர்டு வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தகட்டைக் கேளுங்கள்.

மாட்டி முடித்துப் பவர் போட்டால் நீலத் திரை: 'இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்', அதாவது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை அணுக முடியவில்லை. வயிறு கலங்கிவிட்டது. ஆனால் ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. பழைய போர்டின் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) சாட்டா, அதாவது டிஸ்க் இணைப்பு, ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தது, இதில் ஏஎச்சிஐ என்ற புதிய முறை. பயாஸில் ஐடிஇ வைத்ததும் டெஸ்க்டாப் வந்தது. அப்புறம் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டை (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் ஏறுவது) டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றினேன். சேஃப் மோடில் ஒரு முறை ஏறியதும் டிக்கை எடுத்துவிட்டேன். இதற்கா ஃபார்மெட்?

அடுத்த தலைவலி பிரிண்டர் பக்கமிருந்து வந்தது. அதைப் பகிர்ந்துகொள்ள இந்தக் கணினிக்கு நிலையான ஐபி முகவரி வைத்திருந்தோம். அதையே திரும்பப் போட்டால், 'இது இப்போது இல்லாத வேறொரு அடாப்டருக்குக் கொடுக்கப்பட்டது' என்கிறது விண்டோஸ். போர்டு கழற்றி மூலையில் கிடக்கிறது, அதன் லேன் (நெட்வொர்க் அடாப்டர்) மட்டும் முகவரியை விடமாட்டேன் என்கிறது! டிவைஸ் மேனேஜரில் வியூ மெனு போய் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்தால் இப்போது இல்லாத சாதனங்கள் மங்கலாகத் தெரியும். பழைய லேனையும் சவுண்டையும் அன்இன்ஸ்டால் செய்தேன். டிரைவரையும் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடாவிட்டால் கோப்புகள் அப்படியே தங்கிவிடும். மங்கலாக இருப்பதையெல்லாம் அழித்துவிடாதீர்கள். இன்னதென்று தெரிந்ததை மட்டும் எடுங்கள், அதற்கு முன், தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் ஆக்டிவேஷனில் (உரிமத்தைச் சரிபார்ப்பதில்) சிக்கலில்லை, லைசென்ஸை முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலை, நாலு வருடத்துக்கு முன் வந்த ஒரு அம்மாவின் ரவிக்கை அளவை மனைவி தேடி எடுத்தார். பிரிண்டும் வந்தது.